பத்து மணி முதல் ஐந்து மணி வரை பொம்மை

வாலு என்ற பெயரை வைத்தது அவனுடைய அம்மாதான். பிறந்தபோது முறையாக வேறொரு பெயர் வைத்தார்கள். ஆனால் அதைச் சொல்லிக் கூப்பிட்டு முடிக்கும்வரையாவது அவன் ஓரிடத்தில் இருக்க வேண்டுமே! தொட்டிலில் போட்டால் தொட்டிலையே கவிழ்ப்பான். இடுப்பில் வைத்தால் தோளுக்கு ஏறுவான். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ஒருநாள் கோபம் வந்து பெஞ்சு மேல் ஏறி நிற்கச் சொன்னார். பெஞ்சிலிருந்து கைக்கெட்டும் தூரத்தில் ஜன்னல் இருந்ததை அவர் கவனிக்கவில்லை. ஜன்னல் வழியாகப் போனவன் போனவன்தான், படிப்பு அத்தோடு முடிந்தது.

கல்யாண போட்டோவில் அவன் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கலங்கல்தான் இருக்கிறது. அவன் மனைவி அதை இன்னும் சுவரில் மாட்டிவைத்திருக்கிறாள். வருகிறவர்கள் உற்றுப் பார்த்தால், "பக்கத்துல தெரியறது புகை இல்லீங்க, என் வீட்டுக்காரர்" என்பாள்.

இப்படிப்பட்ட ஆளுக்குத்தான் அரசாங்கம் அசையாமல் நிற்கிற வேலையைக் கொடுத்தது. அதுவும் ஒற்றைக்காலில். என்ன மூளையோ!

அது எப்படி நடந்தது என்று சொல்ல வேண்டுமானால் அவனுடைய தாத்தாவிலிருந்து தொடங்க வேண்டும். நகரத்துக்கும் ஏரிக்கும் நடுவில் தகரக் கூரை போட்ட நாற்பது வீடுகள் இருக்கின்றன. நகரம் வருவதற்கு முன்பே அந்த மக்கள் அங்கே இருந்தார்கள். எல்லோரும் அவர்களை ஏரிக்கரைக்காரர்கள் என்பார்கள். அன்னியர் ஆண்ட காலத்தில் அந்தப் பக்கம் ஒரு துரை வந்தார். மனிதர்களின் மண்டையை நாடா பிடித்து அளப்பது அவருக்குப் பொழுதுபோக்கு. ஏரிக்கரைக்காரர்களுக்கோ துரை என்றாலே ஆகாது. துரை முன்னால் வந்தால், ரோடு போட ஆள் பிடிக்கிறவன் பின்னால் வருவான். அதனால் குதிரைச் சத்தம் கேட்டதும் மொத்த ஜனமும் நாணலுக்குள் கம்பி நீட்டிவிடும். ஒளிந்துகொள்வதில் அவர்களை அடித்துக்கொள்ள ஆளே கிடையாது.

அன்றைக்கும் அப்படித்தான் எல்லோரும் ஓடிவிட்டார்கள், வாலுவின் தாத்தாவைத் தவிர. முந்தின நாள்தான் அவருக்குக் கால் சுளுக்கியிருந்தது. துரை கூடாரம் போட்டுக் காத்திருந்து பார்த்தார். வேறு ஒரு தலையும் தென்படவில்லை. 'ஐயோ பாவம், இந்த இனத்தில் மிச்சம் இவர் ஒருவர்தான்' என்று நோட்டில் எழுதிக்கொண்டார். உடனே தாத்தாவின் உடம்பெல்லாம் சுண்ணாம்பு மாவைப் பூசி அச்சு எடுத்தார். சுளுக்கிய காலை ஊன்ற முடியாமல், ஒரு தடியைப் பிடித்துக்கொண்டு தாத்தா ஒற்றைக்காலில் நின்றார். அச்சும் அப்படியே விழுந்தது. தலை மொட்டையாக இருக்கிறதே என்று தன் தொப்பியிலிருந்த இறகைப் பிடுங்கித் துரையே செருகிவிட்டார். சிலை மியூசியத்துக்குப் போயிற்று. தடியின் நுனியில் யாரோ இரும்பு மாட்டி அதை ஈட்டியாக்கினார்கள். பக்கத்தில் ஒரு பலகை: 'ஒற்றைக்காலில் நின்று வேட்டையாடிய இனத்தின் கடைசி மனிதர். இந்த இனம் இப்போது இல்லை.'

அந்தக் கடைசி மனிதர் கால் சரியானதும் வீட்டுக்குப் போய் ஏழு பிள்ளைகளைப் பெற்றார்.

பிறகு துரைமார் கப்பலேறினார்கள். நம்மவர்கள் நாற்காலிக்கு வந்தார்கள். பலகையைத் துடைத்துப் புதுச் சாயம் பூசினார்கள், எழுதியிருந்ததை மாற்ற ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒற்றைக்கால் வேட்டையைப் பற்றி ஆராய்ச்சி செய்து இரண்டு பேர் பட்டம்கூட வாங்கிவிட்டார்கள். சுளுக்குக்குப் பட்டம் கொடுத்த நாடு வேறு எங்காவது இருக்கிறதா தெரியவில்லை.

வாலு வளர்ந்து, சுவருக்கு வெள்ளையடிக்கிறவன் ஆனான். ஒரு முறை அந்த மியூசியத்துக்கே வெள்ளையடிக்கப் போனான். மறுநாள் தலைமை அலுவலகத்திலிருந்து சோதனைக்கு வருகிறார்கள் என்று அவசர வேலை. ஏணி உச்சியில் நின்று பாட்டுப் பாடிக்கொண்டே அடித்தவன், பாட்டுக்கேற்ப இடுப்பையும் ஆட்டினான். ஏணி சரிந்து சிலையின் மேல் விழுந்தது. தாத்தா தூள் தூளாகிவிட்டார். இறகு மட்டும் தப்பித்தது.

மியூசியக் காப்பாளருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவர் ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலமே இருந்தது. அதுவரை எதுவும் உடையாமல் இருந்தால் போதும் என்று மூச்சைக்கூட மெதுவாக விடுகிற மனிதர் அவர். தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தவர், சுண்ணாம்பு அபிஷேகத்தில் வெள்ளை வெளேரென்று எழுந்து நின்ற வாலுவைப் பார்த்தார். பிறகு தரையில் கிடந்த சிலையின் மூக்கைக் கையில் எடுத்துப் பார்த்தார். திரும்பவும் வாலுவைப் பார்த்தார்.

"உன் மூக்கு ஏம்பா இப்படி இருக்கு?"

"எங்க வீட்ல எல்லாருக்கும் இதே மூக்குதாங்க சார். நீங்க கையில வெச்சிருக்கறது எங்க தாத்தா மூக்கு."

அப்புறம் என்ன? மறுநாள் இறகைச் செருகிக்கொண்டு வாலுவே மேடையில் ஒற்றைக்காலில் நின்றான். சோதனைக்கு வந்தவர்கள், 'சிலை நன்றாகப் பராமரிக்கப்படுகிறது' என்று பாராட்டிவிட்டுப் போனார்கள். புதுச் சிலை கேட்டால் பழையது உடைந்ததைச் சொல்ல வேண்டும். ஆகையால் காப்பாளர் கேட்கவே இல்லை. சிலையைத் துடைக்கிற ஆள் என்று வாலுவை வேலையில் சேர்த்துக்கொண்டார். ஏரிக்கரையில் அரசாங்க வேலைக்குப் போன முதல் ஆள் வாலுதான்.

"நீங்களா? அசையாமலா?" என்று மனைவி வயிறு குலுங்கச் சிரித்தாள். நம்பாமல் நேரிலேயே வந்து பார்த்தாள். கயிறு கட்டிய மேடைக்கு முன்னால் நின்று நாக்கைத் துருத்தினாள், கண்ணை உருட்டினாள், தும்மல் போட்டாள். வாலு அசையவில்லை. அவன் கண்டுபிடித்த உபாயம் இதுதான்: வெளியே தெரியாத இடத்தையெல்லாம் அசைத்துக்கொண்டே இருப்பது. வாய்க்குள் நாக்கு சுற்றும், தூக்கிய காலின் விரல்கள் தாளம் போடும். கூட்டம் அடுத்த அறைக்குப் போனதும் இறங்கி, பாடம் பண்ணிய முதலையின் முதுகில் ஏறி உட்கார்ந்துகொள்வான்.

ஒருநாள் அவன் மகள் படிக்கிற பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைகளை அழைத்து வந்தார்கள். டீச்சர் பலகையை உரக்கப் படித்து, "பாருங்க பிள்ளைங்களா, எவ்ளோ வீரமான இனம்! பாவம், இப்ப ஒருத்தர்கூட இல்ல" என்றார்.

"டீச்சர், இது எங்கப்பா," என்றாள் மகள்.

"அப்படி மரியாதையா நினைக்கறது நல்லதுதான். ஆனா முன்னோர்னு சொல்லணும்."

"முன்னோர் இல்ல டீச்சர், அப்பா. காலையில எனக்குத் தலை வாரி விட்டாரு."

டீச்சர் அவளை மூலையில் நிற்கச் சொன்னார். அந்த மூலை மேடைக்குப் பக்கத்திலேயே இருந்தது. எல்லோரும் முதலையைப் பார்க்கப் போனபோது மகள் மெதுவாக, "அப்பா, வீட்டுக்கு வரும்போது சோப்பு வாங்கிட்டு வரச் சொன்னாங்க அம்மா" என்றாள். வாலு உதடு பிரியாமல், "எந்த சோப்பு?" என்றான். சிரிப்புதான் வந்தது இருவருக்கும். ஆனால் வீட்டுக்குப் போகிற வழியில் வாலு சோப்பை மறந்துவிட்டான். இல்லாத ஆளுக்குப் பிறந்தவளாக ஒரு பிள்ளை வகுப்பில் உட்கார்ந்திருப்பது நல்லதாக அவனுக்குப் படவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஏரிக்கரையில் அறிவிப்பு ஒட்டினார்கள். பழங்குடி மக்களின் முன்னேற்றத்துக்காக மாபெரும் நல மாளிகை ஒன்று கட்டப்போகிறார்களாம். மூன்று மாடி, லிஃப்ட், கூட்டம் நடத்தக் குளுகுளு அறை. கட்டப்போகிற இடம்: ஏரிக்கரை. நாற்பது வீட்டுக்காரர்களும் மாத முடிவுக்குள் காலி செய்ய வேண்டும். பழங்குடிக்கு வீடு கட்ட இடமில்லை என்பார்கள், பழங்குடியின் நலனுக்கு மட்டும் மூன்று மாடி வேண்டியிருக்கிறது. வாலுவின் மனைவி அப்போது நிறைமாத கர்ப்பிணி. மாளிகைக்கு அடிக்கல் நாட்டுகிற நாளும் குழந்தை பிறக்கிற நாளும் ஒன்றாக வந்துவிடும் போலிருந்தது.

வாலு லீவு போட்டுவிட்டு நலத்துறை அலுவலகத்துக்குப் போனான். மூக்கின் நுனியில் கண்ணாடி போட்ட ஒரு குமாஸ்தா, எழுந்து ஒரு தடித்த புத்தகத்தைப் புரட்டிவிட்டு வந்தார்.

"ஏரிக்கரை இனம்... நீங்க இல்லைன்னு இருக்கேப்பா."

"இதோ உங்க முன்னாடி நிக்கறேனே சார்."

"நிக்கறே. நான் மறுக்கல. ஆனா யாரா நிக்கறே?"

"ஏரிக்கரைக்காரனா."

"அவங்கதான் இல்லையே! இல்லாதவங்க மனுவ நான் வாங்கினா எனக்கு வேலை இருக்குமா? வேணும்னா மியூசியத்துல போய்ப் பாரு. அங்க கடைசி ஆளோட சிலையே இருக்கு. அப்படியே தத்ரூபமா இருக்கும்."

"பாத்திருக்கேன் சார்," என்று வாலு பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பினான்.

அடிக்கல் நாட்ட வருகிற அமைச்சர் அதற்கு முன் மியூசியத்துக்கு வருவதாக ஏற்பாடு. அன்றிரவு சாப்பிடும்போது வாலு தன் எண்ணத்தைச் சொன்னான். அமைச்சர் எதிரில் வரும்போது வாயைத் திறந்துவிடப் போகிறான்.

"வேலை போயிடும்," என்றான்.

"போனா போகட்டும். சுவரு இருக்கு, பிரஷ் இருக்கு," என்றாள் மனைவி. "வீடு போனா புள்ளைய எங்க வெச்சுப் பெத்துக்கறது? உங்க மேடையிலயா? ஒண்ணு மட்டும் சொல்றேன், வளவளன்னு பேசாதீங்க. நாங்க இருக்கோம், வீட்ட இடிக்காதீங்க. அவ்ளோதான்."

அமைச்சர் வந்தார். வெளிநாட்டுப் பயணம் முடித்து அப்போதுதான் திரும்பியிருந்தார். அங்கே கை குலுக்குகிற இயந்திர மனிதனைப் பார்த்ததிலிருந்து அவருக்கு வேறு பேச்சே இல்லை. பாதி நாட்டுக்குக் கரண்டு இல்லை, அவருக்கு இயந்திர மனிதன் வேண்டும். காப்பாளர் வியர்த்து வழிந்துகொண்டு பின்னால் வந்தார். அமைச்சர் பலகையைப் படித்தார். கேமராக்கள் நெருங்கியதும் கைக்குட்டையை எடுத்தார்.

"சே! இந்த இனத்துல ஒருத்தராவது மிச்சம் இருந்திருந்தா, நான் தாங்கு தாங்குன்னு தாங்கியிருப்பேனே!"

இதைவிட நல்ல நேரம் வராது என்று வாலுவுக்குத் தோன்றியது.

"நாங்க இருக்கோம் ஐயா."

அமைச்சர் துள்ளிக் குதித்துக் காப்பாளரைக் கட்டிக்கொண்டார். வாலு தொடர்ந்தான். "எங்க வீட்ட இடிக்காதீங்க ஐயா."

அமைச்சரின் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. "யோவ்! பேசுதுய்யா!"

காப்பாளரின் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. உண்மையைச் சொன்னால் உடைந்த சிலை, ஏமாற்றிய சோதனை, கொடுத்த சம்பளம் எல்லாம் வரிசையாக வெளியே வரும். "ஆ... ஆமாங்க ஐயா. புதுசா... உள்ள ஒரு ஏற்பாடு," என்று மென்று விழுங்கினார்.

"ஏற்பாடு இல்லீங்க! நான் மனுசன். உசுரோட இருக்கேன்!" என்றான் வாலு.

"அதையும் சொல்லுது பாருய்யா!" என்று அமைச்சர் கைதட்டினார். கூட்டமும் தட்டியது.

வாலுவுக்கு ரோஷம் வந்துவிட்டது. தூக்கிய காலைக் கீழே வைத்துக் கயிற்றைத் தாண்டினான். நின்ற கால் மரத்துப்போயிருந்ததால் நொண்டினான். "நடக்குது! நடையில கொஞ்சம் கோளாறு, சரி பண்ணிடுங்க," என்றார் அமைச்சர். வாலு ஒருவர் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கி மடமடவென்று குடித்தான். "தண்ணிகூடக் குடிக்குது!" என்று ஒரே ஆரவாரம். வாலு தன் கையைக் கிள்ளிச் சிவந்ததைக் காட்டினான். "தோல் எங்கிருந்து வாங்கினீங்க?" என்று பத்திரிகைக்காரர் ஒருவர் காப்பாளரைக் கேட்டார். கடைசியில் வாலு, பிறந்ததிலிருந்து செய்யாத ஒரு காரியத்தைச் செய்தான். தரையில் உட்கார்ந்து அழுதான். அவனுக்கு உண்மையாகவே அழுகை வந்துவிட்டது. அமைச்சரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்ன ஒரு உணர்ச்சி! நம்ம நாட்டுல செஞ்சதுன்னு சொன்னா எவனும் நம்பமாட்டான்" என்றார்.

பிறகு குனிந்து, "இந்த மாதிரி இன்னும் எத்தனை இருக்கு?" என்று கேட்டார்.

உயிரோடு இருப்பதாக இனி எப்படித்தான் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்த வாலு, அந்தக் கேள்வியைக் கேட்டதும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தான். ஒளிந்து ஒளிந்தே பிழைத்தவர்களின் பேரன் அல்லவா?

"நாப்பது வீடு நிறைய இருக்குங்க ஐயா. ஏரிக்கரையில. வீட்டோட சேத்து."

"வீட்டோடவா? அப்ப அங்கயே திறந்தவெளி மியூசியம் வெச்சுடலாமே! வெளிநாட்டுக்காரன் வந்து க்யூவுல நிப்பான். யாருய்யா அங்க மாளிகை கட்டறது? அத வேற எங்கயாவது கொண்டுபோய் வையி!"

மாளிகை, அமைச்சருக்கு ஆகாத ஒருவரின் நிலத்துக்குப் போயிற்று. ஏரிக்கரை வீடுகளில் ஒரு தகரத்தைக்கூடத் தொடக் கூடாது என்று உத்தரவு வந்தது. நுழைவாசலில் பழைய பலகையைக் கொண்டுவந்து, ஒரு வரி சேர்த்து நட்டார்கள்: 'இந்த இனம் இப்போது இல்லை. தயவுசெய்து தொடாதீர்கள்.'

அதற்குப் பிறகு நடந்ததைச் சொன்னால் சிரிப்பும் வருகிறது, வயிற்றெரிச்சலும் வருகிறது. மனிதர்களாகத் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வராத தண்ணீர்க் குழாய், பொம்மைகளில் தூசு படியக் கூடாது என்று ஒரே வாரத்தில் வந்தது. பொம்மைகள் நனைந்துவிடும் என்று கூரையெல்லாம் மாற்றினார்கள். இரவில் திருடர்கள் தூக்கிக்கொண்டு போய்விடக் கூடாதென்று தெருவிளக்கு வந்தது. பக்கத்து வீட்டுக் கிழவருக்குக் காய்ச்சல் கண்டபோது, "ஒரு பொம்மை சூடாகுது" என்று போன் போட்டார்கள். மறு நிமிடம் ஜீப் வந்து அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிற்று. பத்து மணிக்கு மணி அடித்தால் ஆளுக்கொரு இடத்தில் நிற்பார்கள், துணி துவைக்கிற மாதிரி, வலை பின்னுகிற மாதிரி. வெளி வேலைக்குப் போகிறவர்கள் முறை மாற்றிக்கொள்வார்கள். ஐந்து மணிக்கு மணி அடித்ததும் நாற்பது வீட்டிலும் நெட்டி முறிக்கிற சத்தம் கேட்கும்.

வாலுவின் மனைவிக்கு வலி எடுத்தது சரியாகப் பார்வையாளர் கூட்டம் இருக்கிற வேளையில். அவள் போட்ட சத்தத்துக்கு வாசலில் கைதட்டினார்கள். 'அவசர ரிப்பேர்' என்று கூப்பிட்ட ஜீப் வந்து சேருவதற்குள், சொந்த வீட்டில், புதுக் கூரைக்குக் கீழே பெண் குழந்தை பிறந்துவிட்டது. வாலு அதைக் கையில் வாங்கினான். கொஞ்சம்கூடச் சும்மா இருக்கவில்லை அது. கையையும் காலையும் உதறிக்கொண்டு வீறிட்டது. மூக்கு அதே மூக்கு.

மறுநாள் பொம்மைகளை எண்ணிப் பார்க்க ஆள் வந்தார். யாரென்று பார்த்தால், நலத்துறை அலுவலகத்தில் பார்த்த அதே கண்ணாடிக்காரக் குமாஸ்தா. அவரை இங்கே பொறுப்பாகப் போட்டிருந்தார்கள்.

"ஒண்ணு கூடுதலா இருக்கே," என்றார் குழந்தையைப் பார்த்து. "எப்ப தயாரிச்சது?"

"ஒம்போது மாசமா," என்றாள் மனைவி பாயில் படுத்தபடியே.

வாலு குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவர் பக்கத்தில் போனான். குரலைத் தணித்துக்கொண்டான். "சார், இதுக்கு நீங்க ஒரே ஒரு உபகாரம் பண்ணணும். இதையாவது மனுசின்னு எழுதிக்குங்க."

குமாஸ்தா கெட்டவர் இல்லை. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அவரும் குரலைத் தணித்தார். "எழுதலாம்ப்பா. எனக்கு என்ன? ஆனா இங்க மனுசங்க இருக்காங்கன்னு ஆயிட்டா இது மியூசியம் இல்ல. மியூசியம் இல்லைன்னா மாளிகை திரும்பி வந்துடும். நீயே சொல்லு, எப்படி எழுதட்டும்?"

வாலு கூரையைப் பார்த்தான். மனைவியைப் பார்த்தான். கதவோரத்தில் புத்தகப் பையோடு நின்ற மூத்த மகளைப் பார்த்தான். யாரும் மணி அடிக்காமலே, யாரும் சொல்லாமலே, அவன் அசையாமல் நின்றான். வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. கால் விரல்கூட ஆடவில்லை. மனைவிக்கு அதைப் பார்க்கப் பயமாக இருந்தது.

"எழுதாதீங்க சார்," என்றான். "ஆனா இவள அசையாம இருன்னு மட்டும் நான் சொல்லமாட்டேன்."

குமாஸ்தா குழந்தையைச் சரியாகப் பார்க்கலாமென்று குனிந்தார். குழந்தை எட்டி அவருடைய கண்ணாடியைப் பிடித்துக்கொண்டது. அவர் பின்னால் இழுத்தார், அது முன்னால் இழுத்தது. பிடி என்றால் அப்படி ஒரு பிடி. கண்ணாடியின் ஒரு காதுக்கம்பி வளைந்து கிறீச்சிட்டது.

"ஐயோ, விடச் சொல்லுப்பா!"

"பொம்மைதானே சார். சொன்னா எப்படிக் கேக்கும்?" என்றான் வாலு.

குமாஸ்தாவுக்கு வேறு வழி தெரியவில்லை. குழந்தையின் முகத்துக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு, "கண்ணு, என் தங்கமில்ல, மாமாவ விட்டுடும்மா" என்று கெஞ்சத் தொடங்கினார்.

பாயிலிருந்து மனைவி தலையைத் தூக்கிப் பார்த்தாள். "யாருகிட்ட சார் பேசறீங்க?" என்று கேட்டாள்.

குமாஸ்தா சட்டென்று நிமிரப் பார்த்தார். குழந்தை கண்ணாடியை விடவில்லை.